தலையை மூடுவதா, திறப்பதா: வடக்கே கிளம்பும் ஒரு குடும்பத்துக்குப் பதில்

பெற்றோரையும் 13 வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஆவணிக் கடைசியில் ரயிலேறி, அமிர்தசரஸ், ஹரித்துவார், பிரயாகை, காசி, கயை, கொல்கத்தா, குவஹாத்தி, ஷில்லாங் என்று போய், திரும்பும் வழியில் பூரியையும் பார்த்துவிட்டு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வோர் ஊரிலும் செய்யத் தக்கது எது, தகாதது எது என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடைசி வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது: "அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது, தெரியாமல் எதையாவது செய்து, யாராவது முகம் சுளித்து, அவர் மனம் நொந்துவிடக் கூடாது." எழுபது வயது வரை ஒரே ஊரின் ஒழுங்கில் வாழ்ந்த ஒருவர், வேறு ஒழுங்குகள் உள்ள ஊர்களுக்குள் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லாமல் எப்படிப் போய் வருவது என்பதே நீங்கள் கேட்பது. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து யாத்திரைக் குழுக்களை வடக்கே அழைத்துச் செல்லும் வேலையில் 21 ஆண்டுகள் இருந்தேன். ஒரு குழுவுக்கு நாற்பது, ஐம்பது பேர். கூடவே சமையல்காரர் இருவர், அரிசி மூட்டை, அண்டா, புளிக்காய்ச்சல் டப்பாக்கள். ஆகவே நான் நன்கறிந்தவை யாத்திரைப் பாதைகளும், சத்திரங்களும், கோயில் வாசல்களும், ரயில் பெட்டிகளும்தான். வீடுகளின் உள்ளே நடப்பதைப் பெரும்பாலும் எங்கள் குழுவில் வந்த பெண்கள் சொல்லியே அறிந்தேன். நான் சொல்வதில் எது எவ்வளவு உறுதி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டமும், கோயில் நிர்வாகம் எழுதி வைத்திருக்கும் விதியும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஊர் வழக்கம் பெரும்பாலும் சொன்னபடி இருக்கும். வீட்டு வழக்கமோ ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் கூட வேறுபடும். அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நான் உட்பட, பாதியை மட்டும் நம்புங்கள்.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது ஒன்று. முற்றிலும் புதிதாகத் தெரியும் பழக்கங்களால் எங்கள் குழுவினருக்குச் சிக்கல் வந்ததே இல்லை எனலாம். புதிது என்று தெரிந்தால் மனிதர்கள் தாமாகவே நின்று, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நடந்துகொள்வார்கள். நம் ஊரில் இருப்பதைப் போலவே தோன்றி, பொருள் மட்டும் தலைகீழாக மாறியிருக்கும் பழக்கங்களில்தான் கால் இடறும். நன்கு தெரிந்ததுதானே என்ற நம்பிக்கையில் யாரையும் கேட்காமல் செய்துவிடுவோம்.

உங்கள் முதல் ஊரான அமிர்தசரஸிலேயே இது தொடங்கிவிடும். நம் ஊர்க் கோயிலில் ஆண் ஒருவர் மரியாதை காட்டுவது உடலைத் திறந்துதான். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார், தலையில் முண்டாசு இருந்தால் அவிழ்ப்பார், குருவாயூர் போனால் சட்டையையும் கழற்றுவார். பொற்கோயிலில் மரியாதை என்பது மூடுவது. ஆணானாலும் பெண்ணானாலும் குழந்தையானாலும் தலையைத் துணியால் மூடாமல் உள்ளே போக முடியாது. தொப்பியை அங்கே தலைமூடியாகக் கருதுவதில்லை, துணிதான் வேண்டும். வாசலில் கூடைகளில் துணிகள் வைத்திருப்பார்கள். செருப்பை ஒப்படைத்துவிட்டு, ஓடும் நீர் உள்ள ஆழமில்லாத தொட்டியில் கால் நனைத்து உள்ளே இறங்க வேண்டும். இதெல்லாம் எழுத்து விதி, நூறு விழுக்காடு உறுதி. ஆனால் எங்கள் குழுவில் தயங்கி நின்றவர்கள் ஆண்கள் அல்ல, பெண்கள். சுமங்கலியான ஒரு மூதாட்டி புடவைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி, "முக்காடா? நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் முக்காடு போடச் சொல்கிறாயே" என்று கண் கலங்கிக் கேட்டது இன்றும் நினைவில் இருக்கிறது. நம் பக்கம் முக்காட்டுக்கு ஏறியிருக்கும் துக்கத்தின் நிழல் பஞ்சாபில் கிடையாது. கல்யாண வீட்டிலும் குருவின் முன்னிலையில் தலையை மூடியே அமர்வார்கள். இதை ரயிலிலேயே, நிதானமாக, உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்து அவசரமாகச் சொன்னால் அது கட்டளையாகக் கேட்கும். நாகூர் தர்காவுக்குப் போய்ப் பழகியவராக இருந்தால் அதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

உங்கள் அப்பா வெற்றிலைப் பெட்டி வைத்திருப்பவரா என்று தெரியவில்லை. வைத்திருந்தால் அன்றைக்கு மட்டும் அதைத் தங்கும் அறையில் விட்டுவிடச் சொல்லுங்கள். சீக்கிய நெறியில் புகையிலை பெருங்குற்றங்களில் ஒன்று; வாயில் இல்லாமல் மடியில் இருந்தாலும் வளாகத்துக்குள் அது கூடாது. மண்டபத்தின் உள்ளே வைக்கப்பட்டிருக்கும் குரு கிரந்த சாகிப்பை அவர்கள் நூல் என்று எண்ணுவதில்லை, உயிரோடு அமர்ந்திருக்கும் குருவாகவே போற்றுகிறார்கள். ஆகவே உள்ளே படம் எடுப்பதற்கும், அதன் முன் காலை நீட்டி உட்காருவதற்கும் இடமில்லை. கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய கடா பிரசாதத்தை இரண்டு கைகளையும் குவித்து ஏந்த வேண்டும். வலது கையை மட்டும் நீட்டுவதை நாம் மரியாதை என்று பழகியிருக்கிறோம், அங்கே அது குறையாகத் தெரியும். லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் ரொட்டி கொடுக்கும்போதும் அப்படியே. வரிசையாகத் தரையில் அமர்ந்திருப்போம், ஒருவர் கூடையுடன் வருவார், தட்டில் போட மாட்டார், இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் வரை நின்று காத்திருப்பார். எங்கள் குழுவில் ஒருவர் ஒற்றைக் கையை நீட்டியபடியே அவரைப் பார்க்க, அவர் இவரைப் பார்க்க, சில நொடிகள் இருவரும் அப்படியே இருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு சிறுவன் தன் இரு கைகளையும் குவித்துக் காட்டிய பிறகுதான் ரொட்டி கைக்கு வந்தது. யாரும் கோபப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாமல் செய்த பிழைக்கு அங்கே கடுஞ்சொல் விழுந்து நான் கேட்டதில்லை. தட்டில் மிச்சம் வைப்பதைத்தான் விரும்ப மாட்டார்கள், ஆகவே கொஞ்சமாக வாங்கி மறுபடி கேட்கலாம்.

அடுத்தது பேச்சு. அப்பாவுக்கு இந்தி கற்றுக்கொடுக்க வேண்டாம், அழைக்கும் சொற்கள் நான்கைந்து போதும். ஆனால் அந்தச் சொற்களிலும் கண்ணி இருக்கிறது. தமிழில் 'பாய்' என்றால் நம் காதுக்கு ஓர் இஸ்லாமியப் பெரியவர், வடக்கே எவரையும் அழைக்கும் சகோதரன் என்ற சொல் அது. 'பையா' என்றால் இன்னும் மென்மை. 'தாதா' என்பது நம் ஊரில் அடியாள் தலைவனுக்கு வைத்த பெயர், உத்தரப் பிரதேசத்தில் அப்பாவின் அப்பா, கொல்கத்தாவில் அண்ணன். டாக்சிக்காரரை அங்கே 'தாதா' என்று அழைத்தால் முகம் மலரும். நம்மிடம் நீ, நீங்கள் என்று இரண்டு படிகள் என்றால் இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று. நம்மவர்கள் நடுவில் உள்ள 'தும்' என்பதை நீங்கள் என்று எண்ணிக்கொண்டு பெரியவர்களிடம் பேசிவிடுகிறார்கள். 'ஆப்' ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு, பெயருக்குப் பின்னால் 'ஜி' சேர்த்துவிட்டால் மற்ற இலக்கணப் பிழைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 'மச்சான்' என்பது நமக்கு நெருக்கத்தின் சொல், நண்பனைக் கூட அப்படித்தான் அழைக்கிறோம். அதற்கு நேரான, மனைவியின் சகோதரனைக் குறிக்கும் 'சாலா' வடக்கே வசைச்சொல். பெண் கொடுத்த வீட்டாரைப் பெண் எடுத்த வீட்டாருக்குக் கீழே வைக்கும் உறவுமுறை அங்கே பரவலாக இருந்ததும், நம்மிடையே பெண் கொடுத்து, பெண் எடுக்கும் முறை இருந்ததால் மாமன், மச்சான் சமமாக இருந்ததும் இதற்குக் காரணம் என்று மானுடவியலார் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது. விளக்கம் எப்படியானாலும், உங்கள் மகள் திரைப்படங்களில் கேட்டு அந்தச் சொல்லை விளையாட்டாகச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவுமுறையைப் பற்றிப் பேசும்போது ஒரு ரயில் நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். காசியிலிருந்து கயைக்குப் போகும் பகல் வண்டி. எதிர் இருக்கையில் ஒரு பீகார் அம்மாள், துணிப்பையைத் திறந்து வெல்லம் போட்டுப் பொரித்த தேக்குவாவை எங்கள் மாமி ஒருவருக்குக் கொடுத்தார். மாமி பதிலுக்கு முறுக்கு கொடுத்தார். கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள் என்று என்னை நடுவில் வைத்துப் பேச்சு வளர்ந்தது. மாமி பெருமிதத்துடன் கணவரைக் காட்டி, "இவர் எனக்குச் சொந்த அத்தை மகன்தான் என்று சொல்லு" என்றார். அத்தை மகனுக்கு இந்தியில் 'புபேரா பாய்' என்பதைத் தவிர எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அதன் பின்பாதி சகோதரன். சொன்ன மாத்திரத்தில் அந்த அம்மாளின் கை வாய்க்குப் போனது. பிறகு முறுக்கு மடியிலேயே இருந்தது. வட இந்தியாவின் இந்துக் குடும்பங்களில் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லாரும் உடன்பிறப்புகள். பல சமூகங்களில் ஒரே கோத்திரத்திலும், சில பகுதிகளில் ஒரே கிராமத்திலும் கூட மணம் செய்ய மாட்டார்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, இரு தரப்பினரின் வழக்காறும் அனுமதித்தால் செல்லும் என்று விலக்கும் தருகிறது, நம் முறைமணங்கள் நிற்பது அந்த விலக்கில்தான். மராட்டியத்தில் சில சமூகங்களில் மாமன் மகளை மணப்பது உண்டு, ஆகவே வடக்கு முழுவதும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மணம் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பின் அறியாதவரிடம் ரயிலில் சொல்லும் முதல் செய்தியாக அது இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

காலில் விழுவதும் இப்படித்தான். உங்கள் மகள் நல்ல பழக்கத்தில் வளர்ந்தவள் என்றால் யாராவது ஒரு பெரியவரின் காலைத் தொடக் குனிவாள், அவர் பதறி விலகக்கூடும். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பல குடும்பங்களில் மகள்கள் பெற்றோரின் காலைத் தொடுவதில்லை, கன்னிப் பெண்ணை அம்பிகையின் வடிவாக எண்ணும் வழக்கம் அதற்குக் காரணம். மருமகள்கள் தொடுவார்கள். இது வீட்டு வழக்கம் என்ற கடைசிப் படியைச் சேர்ந்தது, எல்லா வீடுகளுக்கும் பொருந்தாது. கைகூப்பி வணங்குவது எல்லா இடத்திலும் போதும், அதைத் தவறாக எடுத்துக்கொண்ட எவரையும் நான் பார்க்கவில்லை.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் 'சைவம்' என்ற நம் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. இறைச்சி உண்ணாமையையும் சிவ வழிபாட்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பவர்கள் நாம். காஷ்மீரப் பண்டிதர்கள் பரம்பரையான சிவநெறியினர். அவர்களில் பல குடும்பங்கள் 'ஹேரத்' என்று கொண்டாடும் சிவராத்திரியில் ஆட்டிறைச்சியும் மீனும் சமைத்துப் பைரவருக்குப் படைக்கின்றன. வங்காள அந்தணர் வீட்டில் மீன் இயல்பான உணவு. குவஹாத்தியில் காமாக்யா கோயிலில் ஆட்டுப்பலி இன்றும் நடக்கிறது, கொட்டிலுக்குப் பக்கத்து வழியாகவே நடக்க நேரலாம். உங்கள் அப்பாவை அங்கே அழைத்துச் செல்லும் முன்பே இதைச் சொல்லி, வேண்டாம் என்றால் வெளிப்பிராகாரத்தோடு திரும்பச் சொல்லுங்கள். "கோயிலில் இப்படியா" என்று உரக்கக் கேட்பதுதான் தவறு. நம் ஊர் ஐயனார், முனியப்பன் கோயில்களில் கிடா வெட்டுவதைக் காணாதவர் போல அங்கே போய்ப் பேசக் கூடாது.

நீங்கள் போகும் நாட்களில் நவராத்திரி வேறு வருகிறது. அதே ஒன்பது இரவுகள், ஊருக்கு ஒரு முகம். நம் வீட்டில் கொலுவும் சுண்டலும். ஹரித்துவார், காசிப் பக்கங்களில் விரதம் இருப்பவர்கள் தானியம், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் விலக்கி, இந்துப்பு போட்ட ஜவ்வரிசிக் கிச்சடியும் குட்டூ என்னும், தானியமாகக் கருதப்படாத விதையின் மாவில் சுட்ட பூரியும் உண்கிறார்கள். அந்த ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து போவது என்று சொன்னால் அங்குள்ளவர்கள் நம்ப மறுப்பார்கள். கொல்கத்தாவிலோ அது துர்கா பூஜை. அஷ்டமியன்று பல வீடுகளில் மரக்கறி, மறுநாள் நவமியில் ஆட்டிறைச்சி. புரட்டாசி என்று வீட்டில் முட்டையைக் கூட நிறுத்தியிருக்கும் நீங்கள் அந்தப் பந்தல்களின் முன்னுள்ள கடைகளைப் பார்த்துத் திகைக்கக் கூடும். நடைமுறைக்கு ஒரு சொல்: வங்காளத்தில் 'நிராமிஷ்' என்று கேளுங்கள். அதில் மீன், முட்டையோடு வெங்காயம், பூண்டும் இராது. வெறுமனே 'மீன் வேண்டாம்' என்றால் இறைச்சி வேண்டும் என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஹரித்துவாரிலும் ரிஷிகேசத்திலும் இந்தக் கவலை இல்லை. அங்கே நகராட்சி எல்லைக்குள் இறைச்சி விற்பனைக்கு நெடுங்காலமாகத் தடை இருக்கிறது.

காசியில் உங்கள் அப்பா அயலூரில் இருப்பதாகவே உணர மாட்டார். அனுமான் காட் பகுதியில் ('காட்' என்றால் படித்துறை) தமிழ்ச் சாஸ்திரிகள் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன, பாரதியார் இளமையில் தங்கியிருந்ததும் அங்கேதான். கேதார் காட்டில் குமரகுருபரர் நிறுவிய மடமும், விசுவநாதர் கோயில் பக்கம் நகரத்தார் சத்திரமும் உண்டு. பிரயாகையில் தம்பதியர் செய்யும் வேணி தானம் போன்றவற்றையும், கயையில் பிண்டம் வைப்பதையும் நம் சாஸ்திரிகள் மூலமாகவே ஏற்பாடு செய்துகொள்ளலாம். தட்சிணை எவ்வளவு, அதில் எவையெல்லாம் அடங்கும் என்பதைச் சங்கல்பத்துக்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். நடுவில் கேட்பதுதான் அநாகரிகம், முன்பே கேட்பது அல்ல. நான் பார்த்த மனக்கசப்புகளில் பெரும்பகுதி இந்த ஒன்றில் வந்தது. நீங்கள் கயைக்குப் போவது மகாளய பட்சத்தில் என்றால் தங்கும் இடத்தை இப்போதே உறுதி செய்யுங்கள், அந்தப் பதினைந்து நாட்களும் நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு என்பதையும், அதில் வெளியூர்ப் பயணிக்கு விலக்கு இல்லை என்பதையும் குழுவில் உள்ள ஆண்களிடம் நான் முன்பே சொல்லிவிடுவது வழக்கம். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.

காசியில் பிணங்களை எரிக்கும் துறையான மணிகர்ணிகையில் படகிலிருந்தும் படம் எடுக்க வேண்டாம். எரியும் சிதைகள் உங்களுக்குக் காட்சி, கரையில் நிற்பவர்களுக்கு அவர்கள் தகப்பன். அங்குள்ள சந்துகளில் மூங்கில் பாடையைத் தோளில் சுமந்து "ராம் நாம் சத்ய ஹை" என்று வேகமாக வருவார்கள். பறையும் பூத்தூவலுமாக வரும் நம் ஊர்ச் சவ ஊர்வலத்தை எதிர்பார்த்துப் பழகியவர்களுக்கு அது திடீரென்று முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். சுவரோடு ஒட்டி வழிவிட்டால் போதும். விசுவநாதர் கோயிலுக்குள் கைப்பேசி கூடாது. புத்தகயைக்கும் போவதானால் அங்கே மகாபோதி ஆலயத்திலும் 2013 குண்டுவெடிப்புக்குப் பிறகு அதே கட்டுப்பாடுதான்.

விடுதிப் பதிவேடு பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். நாம் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வைப்பவர்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பெயரை விடச் சொன்ன பிறகு, பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் இருப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. வடக்கே பதிவேட்டில் குடும்பப் பெயர் கேட்பார்கள். "க. முருகேசன்" என்றால் முழுப் பெயர் சொல்லுங்கள் என்பார்கள், "கந்தசாமி முருகேசன்" என்று விரித்தால் உங்கள் அப்பாவை அன்று முழுவதும் "கந்தசாமி ஜி" என்று அவருடைய அப்பாவின் பெயரால் அழைப்பார்கள். என் குழுவில் ஒரு பெரியவர் இதில் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ரயிலில் குடும்பப் பெயரைக் கேட்பவர் சில நேரம் சாதியைத்தான் கேட்கிறார் என்பதும் உண்மை. "எங்கள் ஊரில் அப்படி வைப்பதில்லை" என்று சிரித்தபடி சொல்லிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அஸ்ஸாமுக்கு வருகிறேன். என் குழு செய்த பிழைகளில் நான் மறக்காதது அங்கே நடந்தது. குவஹாத்தியில் எங்களுக்கு வண்டி அமர்த்தித் தந்த ஒருவர் எட்டுப் பேரைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அவருடைய தாயார் காலுள்ள பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் வழக்கில் தாம்பூலம் வந்தால் விடைபெறும் நேரம். எடுத்துக்கொண்டு, கைகூப்பி, எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அந்த அம்மாள் தட்டைப் பிடித்தபடி மகனைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் தெரிகிறது. உள்ளே சமையல் நடந்துகொண்டிருந்தது, வாசனை கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அஸ்ஸாமில் 'தாமூல் பாண்' வரவேற்பு, நம் ஊரில் சொம்புத் தண்ணீர் கொடுப்பது போல. ஷில்லாங்கில் காசி (Khasi) மக்களின் வீடுகளிலும் அப்படியே (இது கங்கைக் கரைக் காசி அல்ல, மேகாலய மலைகளின் பழங்குடி மக்கள்), அவர்கள் அதை 'க்வாய்' என்கிறார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்தப் பாக்கு நம் சீவல் போல உலர்ந்தது அல்ல, ஈரமும் வேகமும் உள்ள முழுப்பாக்கின் துண்டு. பழக்கமில்லாதவருக்கு மென்ற சிறிது நேரத்தில் காது சூடாகி, நெற்றி வியர்த்து, தலை சுற்றும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் அப்பா கையில் வாங்கிக்கொண்டு மெல்லாமல் வைத்துக்கொள்ளட்டும். வாங்குவதுதான் மரியாதை, மெல்லுவது அவரவர் வசதி.

மேகாலயத்துக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவையில்லை. அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் தேவை, கடைசி நேரத்தில் அங்கே போகலாம் என்று திட்டம் மாறினால் இதை மறக்க வேண்டாம். காசி மக்களிடையே பிள்ளைகள் தாயின் குலப்பெயரைத் தாங்குகிறார்கள், குடும்பச் சொத்தும் பெற்றோரைப் பேணும் பொறுப்பும் கடைசி மகளுக்கு. "உங்கள் அப்பா பெயர் என்ன, எந்தக் குடும்பம்" என்று நாம் தொடங்கும் பேச்சு அங்கே தவறான முனையில் தொடங்கும். மாவ்ஃப்லாங் புனிதக் காட்டில் ஓர் இலையைக் கூட எடுத்து வரக் கூடாது, நினைவுக்கு என்று மகள் பொறுக்கும் காய்ந்த விதையும் அதில் அடக்கம். எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தவிர்க்க வேண்டியது, அங்குள்ளவர்களைப் பார்த்து "நேபாளமா, சீனாவா" என்று தமிழில், தமக்குள் பேசுவது போலப் பேசிக்கொள்வது. சென்னையில் உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும் வேலை செய்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள் அந்த மலைகளில் பலர் இருக்கிறார்கள். எங்கள் வண்டி ஓட்டியவர் அப்படி ஒருவர், வேளச்சேரியில் நான்கு ஆண்டுகள் இருந்தவர். பின்னிருக்கையில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டி, இறங்கும் இடம் வந்ததும், "பார்த்து இறங்குங்க, சார்" என்று தமிழில் சொன்னார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பூரிக்குக் கடைசியாக வருகிறீர்கள், அதற்குள் நீங்களே பழகியிருப்பீர்கள். இரண்டு செய்திகள் மட்டும். 2024 ஜனவரி 1 முதல் அங்கே உடைக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது, அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ், கையில்லாத மேலாடை ஆகியவற்றோடு உள்ளே விட மாட்டார்கள். மகளுக்கு ஒரு சுடிதார் எடுத்து வையுங்கள். கைப்பேசியும் தோல் பொருட்களும் வெளியேதான். மற்றது, ஆனந்த பஜாரில் மகாபிரசாதம் உண்பது. எச்சில் பார்க்கும் நம் ஒழுங்கு அங்கே தளர்ந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே பானையைச் சுற்றித் தரையில் அமர்ந்து, சாதி பேதமின்றி உண்பதே அந்த இடத்தின் முறை. தனியே தட்டு கேட்டு நிற்பவர்தான் அங்கே விநோதமாகத் தெரிவார்.

உங்கள் பயணத் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். ஷில்லாங்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சேருவதாக எழுதியிருக்கிறீர்கள். காசி மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள், ஞாயிறன்று ஊரின் பெரும்பகுதிக் கடைகள் அடைத்திருக்கும், குடும்பங்கள் தேவாலயத்துக்குப் போயிருக்கும், அப்பாவுக்குக் காலை உணவு தேடி அலைய வேண்டிவரும். குவஹாத்தியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, திங்கட்கிழமை மலையேறுங்கள்.